லாரி சேசிஸ் வெல்டிங்: பட்டறைக்கு வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

பழைய லாரியை வாங்கி, பாடியை இறக்கி, சேசிஸைச் சரிபண்ணி, தண்ணி லாரியாகவோ மீன் வண்டியாகவோ துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் வண்டியாகவோ திரும்பக் கட்டுகிற வேலை மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் ஓய்வதே இல்லை. வண்டி ஓனர்களும் டிரைவர்களும் வேலை கற்கும் பையன்களும் கேட்கிற கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம்.

அண்ணே, கெட்டியா வெல்டிங் வெச்சும் ஏன் அதுக்குப் பக்கத்துலயே உடையுது?

கெட்டியாக வைத்ததால்தான் பல நேரம் உடைகிறது. சேசிஸ் என்பது இரண்டு நீள சேனல் (‘ப’ வடிவ இரும்பு), நடுவில் குறுக்கே கிராஸ் மெம்பர்கள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும். அது விறைப்பாக நிற்பதற்காகச் செய்ததல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் முறுக்கி, திரும்ப நேராகிறது. இப்படி லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும் இரும்பு, ஒரே அடியில் உடைவதில்லை. எங்காவது ஒரு சின்ன வெட்டு, ஒரு பள்ளம், திடீரென்று தடிமன் மாறும் ஓரம் கிடைத்தால் அங்கே முடி அளவு விரிசல் பிறந்து மெல்ல வளரும்.

வெல்டிங்கின் ஓரம், அதாவது ராடு (வெல்டிங் குச்சி) உருகிய உலோகமும் பழைய இரும்பும் சந்திக்கிற கோடு, அந்த விரிசலுக்குத் தோதான இடம். ஆம்பியர் அதிகமானால் அங்கே அண்டர்கட், அதாவது ஓரம் அரித்த பள்ளம், விழும். மேலே மேலே ஏற்றி முதுகு தூக்கினால் அந்த ஓரத்தில் மூலை கூர்மையாகும். போதாததற்கு, பக்கத்து இரும்பின் தன்மையும் சூட்டில் மாறியிருக்கும். வெல்டிங் கல் மாதிரி நிற்கும், அரை விரல் தள்ளி சேனல் பிளந்திருக்கும். “வெல்டிங் விடவே இல்ல, இரும்புதான் மட்டம்” என்று சிலர் பெருமையாகவே சொல்வார்கள். வண்டி ரோட்டில் உட்கார்ந்த பிறகு எது விட்டது என்பதில் என்ன பெருமை?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உயர்வலு இரும்பு போட்டால் அதிக பாரம் தாங்கும். ஆனால் திரும்பத் திரும்ப வளைவதால் வெல்டிங் ஓரத்தில் வரும் விரிசலை அந்த உயர்வலு தடுக்காது. அது பெரும்பாலும் வெல்டிங்கின் வடிவத்தையும் வைத்த இடத்தையும் பொறுத்தது. கீழே வரும் பதில்களில் ராடு, ஆம்பியரைவிட எங்கே வெட்டுவது, எப்படி முடிப்பது என்று அதிகம் பேசியிருப்பது அதனால்தான்.

அப்போ எந்த இடத்துல வெட்டிச் சேர்க்கலாம்?

முதலில், எங்கே கூடாது என்று பாருங்கள். கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்குகிற இடம், பின் கமான் பட்டையின் முன் ஹேங்கர் (பட்டையைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட்) பக்கம், ஏதாவது ஒரு பிளேட்டோ பிராக்கெட்டோ முடிகிற இடம் ஆகியவற்றில் ஏற்கெனவே அழுத்தம் குவிந்திருக்கும். பழைய வண்டிகளில் விரிசல் தேட நாங்கள் முதலில் டார்ச் அடிப்பதும் அங்கேதான்.

சேனலில் மேலும் கீழும் இருக்கும் பட்டைகள்தான் வளைவைத் தாங்குகின்றன. நடுச்சுவரின் பாதி உயரத்தில் வளைவினால் வரும் இழுவிசை ஏறக்குறைய இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே பாரம் ஏறினால் கீழ்ப்பட்டை இழுபடும். பின் அச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வாலில் மேல்பட்டை இழுபடும். இழுபடுகிற பட்டையின் குறுக்கே வெல்டிங் ஓட்டுவதும், அதில் ஓட்டை போடுவதும், அதன் ஓரத்தில் டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) வைப்பதும் சேசிஸுக்குக் கேடு. ஓட்டை வேண்டுமென்றால் நடுச்சுவரில் போடுங்கள், வளைவு மூலையிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

வெட்டியே ஆகவேண்டுமென்றால் பின் அச்சுக்கு வெளியே இருக்கிற வால்தான் கொஞ்சம் நிம்மதியான இடம். நேராக வெட்டாமல் நடுச்சுவரை 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். 250 மில்லிமீட்டர் உயர சேனலில் அப்படி வெட்டினால் மேல்பட்டை ஜாயிண்டும் கீழ்ப்பட்டை ஜாயிண்டும் 250 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி விழும். ஒரே குறுக்கு வெட்டில் முழு வெல்டிங்கும் இருக்காது. இடது சேனல் ஜாயிண்டும் வலது சேனல் ஜாயிண்டும் நேருக்கு நேர் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேசிஸ் என்ன இரும்பு? சாத்தங்காட்டுல கிடைக்கிற எம்.எஸ். பிளேட் போதுமா?

கம்பெனி சேசிஸ் பெரும்பாலும் பி.எஸ்.கே. 46 போன்ற உயர்வலு இரும்பு. சாத்தங்காடு இரும்புச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்.எஸ். (மென் இரும்பு), அதாவது ஐ.எஸ். 2062 ஈ 250 பிளேட், 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். சேசிஸ் இரும்பு அதைவிட வெகு தூரம் தாங்கும். கிராஸ் மெம்பருக்கு முட்டு, பாடிக்கான பிராக்கெட் என்றால் எம்.எஸ். போதும். நீளச் சேனலையே சேர்க்கிறீர்கள் என்றால், அதே மாடல் வண்டியின் நல்ல சேசிஸிலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான் எங்கள் விருப்பம். எடுப்பதற்கு முன் அதில் பழைய வெல்டிங் இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

யூடியூப்ல அமெரிக்காக்காரன் சேசிஸ்ல வெல்டிங்கே தொடக்கூடாதுங்கிறான். நாம மட்டும் வைக்கலாமா?

அவர் சொல்வது அவருடைய வண்டிக்குச் சரி. அங்கே பெரிய லாரிகள் பலவற்றில் சேனலைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் அவிழ்ந்து அந்த இடம் மட்டும் மெத்தென்று ஆகிவிடும். அதனால் சேசிஸிலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நம்மூரில் ஓடும் வழக்கமான சேசிஸ்கள் அப்படிப் பதப்படுத்தியவை அல்ல. ஆனாலும் இறக்குமதி கிரேன், பழைய வெளிநாட்டு டிரெய்லர் என்று எது வந்தாலும் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்க்காமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

எந்த ராடு?

7018. முதல் இரண்டு எண்கள் வலு: ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, ஏறக்குறைய 490 மெகாபாஸ்கல். பட்டறையில் எல்லாரும் எடுக்கிற 6013 அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்கூடப் பெரிதல்ல. 6013 ராடின் பூச்சு ஹைட்ரஜனை உள்ளே விடும், ஊடுருவலும் குறைவு. கேட், ஜன்னல், லாரி பாடித் தகடு ஆகியவற்றுக்கு அது அருமையான ராடு. நன்றாக எரியும், ஸ்லாக் (மேலே படியும் கசடு) தானாக உரியும். அந்த வசதியில் பழகியவர்களுக்கு 7018 முரண்டு பிடிப்பதாகத் தோன்றும். வில்லை, அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் ஆர்க்கை, குட்டையாகப் பிடிக்க வேண்டும், நிறுத்தித் தொடங்கினால் முனை மூடிக்கொள்ளும். பழக வேண்டியதுதான், வேறு வழியில்லை.

3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியர், டி.சி. மெஷினில் ராடு பாசிட்டிவில். நடுச்சுவரில் நிற்கிற ஜாயிண்டைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் வேகமாக முடியும், பார்க்கவும் வழவழவென்றிருக்கும், உள்ளே பிடித்திருக்காது.

ராடை வெயில்ல காயவெச்சா போதாதா? சென்னை வெயில்தானே!

போதாது. 7018-இன் பெருமையே அதன் பூச்சில் ஈரம் இல்லாததுதான். டப்பாவைத் திறந்து நம் கடற்கரைக் காற்றில் வைத்தால், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பூச்சு ஈரத்தைக் குடித்துவிடும். அந்தத் தண்ணீர் வில்லில் பிரிந்து ஹைட்ரஜனாக இரும்புக்குள் போகும். வெல்டிங் முடிந்து ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே உள்ளே விரிசல் விடும்.

வெயில் 40 டிகிரி. ஈரமான 7018-ஐ அடுப்பில் 300 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் சுடவேண்டும். சரியான கணக்கு டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். சுட்டதை 120 டிகிரிக்குமேல் சூடான பெட்டியில் வைத்து, தேவைக்கு நாலைந்தாக எடுக்க வேண்டும். சின்ன ராடு அடுப்பு ஒன்று வாங்குவதற்கு யோசிக்கிறவர், ஒருமுறை உடைந்த சேசிஸைத் திரும்பக் கழற்றி மாட்டுகிற கூலியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சி.ஓ.2 வெல்டிங் இன்னும் நல்லதுன்றாங்களே?

ராடுக்குப் பதில் கம்பி ஓடும், கேஸ் மூடிக் காக்கும் வெல்டிங் அது. கொட்டகைக்குள் நல்லதுதான். ஈ.ஆர். 70 எஸ் 6 கம்பி சேசிஸ் வேலைக்குத் தகும். இரண்டு சங்கடம் உண்டு. மணிக்கு 8 கிலோமீட்டர் காற்று அடித்தாலே கேஸ் மூட்டம் கலைந்து வெல்டிங்கில் துளை விழும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் மதியத்துக்குமேல் கடற்காற்று அதைவிட நன்றாகவே அடிக்கும், அதனால் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியாக வேண்டும். அடுத்தது, வோல்டேஜ் குறைவாக வைத்து 8 மில்லிமீட்டர் பிளேட்டில் ஓட்டினால் உலோகம் மேலே படிந்து நிற்கும், அடியில் ஒட்டியிருக்காது. பார்வைக்கு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிடிக்காத வெல்டிங்கை அழகாகக் காட்டுவதில் சி.ஓ.2-வை மிஞ்ச ஆளில்லை.

ஜாயிண்ட் வாயை எப்படித் தயார் பண்றது?

பெயிண்ட், துரு, கிரீஸ் எல்லாம் இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குப் போய் வெள்ளை இரும்பு தெரியவேண்டும். கேஸ் கட்டிங்கில் வெட்டியிருந்தால் கருகிய ஓரத்தைக் கிரைண்டரில் முழுக்க எடுத்துவிடுங்கள். இரண்டு முனையையும் 30 டிகிரி சீவினால் சேர்த்து வைக்கும்போது 60 டிகிரி வாய் கிடைக்கும். அடியில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் சீவாத முகம் விட்டு, நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். முதல் ஓட்டம் அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் முடித்ததும் சேனலின் உட்பக்கம் போய், நல்ல உலோகம் வரும்வரை தோண்டி, அங்கேயும் ஓர் ஓட்டம் வைக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்ட வைத்து, மேலே மட்டும் நிரப்பி, கிரைண்டர் போட்டு, பெயிண்ட் அடித்த ஜாயிண்ட்டுகளை நிறையப் பார்க்கிறோம். அவற்றில் பாதித் தடிமன்தான் சேர்ந்திருக்கும். மீதிப் பாதி பிறவியிலேயே விரிசல்.

பட்டையின் ஓரத்தில் வெல்டிங்கைத் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. அதே தடிமனில் சின்னத் துண்டு ஒன்றை ஓரத்தில் டேக் வைத்து, வெல்டிங்கை அதன் மேல் ஓடவிட்டு முடியுங்கள். பிறகு துண்டை வெட்டி எடுத்து ஓரத்தைச் சீவிவிடுங்கள். முடிவுக் குழி துண்டோடு போய்விடும். மொத்த வேலையில் ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யும் ஆட்கள் குறைவு.

பட்டைகளின் மேல் இருக்கும் வெல்டிங் மேட்டைச் சமமாகச் சீவுங்கள். கிரைண்டர் கோடுகள் சேசிஸின் நீளவாட்டில் போகவேண்டும். குறுக்கே போன ஒவ்வொரு கோடும் விரிசலுக்கு வழி.

உள்ளே பட்டம் வெச்சு அடிச்சா பலம்தானே?

வைக்கிற விதத்தில் இருக்கிறது. பட்டத்தின், அதாவது வலுவூட்டும் பிளேட்டின், முனையைச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் வெல்டிங் ஓட்டிவிட்டால் பழைய ஜாயிண்டைக் காப்பாற்றிப் புது உடைப்பைப் பிளேட் முடியும் இடத்தில் உண்டாக்கியிருக்கிறீர்கள். முனையை மீன் வால் மாதிரி சாய்த்து வெட்டுங்கள். விறைப்பு திடீரென்று மாறாமல் படிப்படியாகக் குறையும். முடிந்தவரை நடுச்சுவரில் போல்ட் போட்டுப் பிடியுங்கள், 8.8 அல்லது 10.9 கிரேடு, ஓட்டையில் ஆட்டமில்லாமல். வெல்டிங்தான் என்றால் நீளவாட்டில் மட்டும், முனைகளை விட்டுவிட்டு. பிளேட் முடிகிற இடமும் ஹேங்கரோ கிராஸ் மெம்பரோ இருக்கிற இடமும் ஒன்றாக வரக்கூடாது.

ஹேங்கர் ரிவெட் லூஸ் ஆயிடுச்சு. வெல்டிங்ல பிடிச்சிடலாமா?

கூடாது. ஹேங்கர் பெரும்பாலும் வார்ப்பு. அதைச் சேனலோடு வெல்டிங் வைத்தால் ஓரத்தில் வெடிக்கும். ரிவெட்டை எடுத்து, ஓட்டையை ரீமர் போட்டுச் சீராக்கி, சரியான போல்ட் மாட்டுங்கள்.

விரிசல் மட்டும்தான் இருக்கு, மேல ஒரு கோடு ஓட்டிடுங்களேன்?

மேலே ஓட்டினால் விரிசல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். முதலில் அது எங்கே முடிகிறது என்று சிவப்பு டை (விரிசலில் ஊறும் சாயம்) அடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற முனைக்குக் கொஞ்சம் தள்ளி 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசல் முழுவதையும் தோண்டி வாய் வைத்து, அடிவரை பிடிக்க வெல்டிங் வைத்து, கடைசியில் ஓட்டையையும் நிரப்பிச் சீவ வேண்டும். அத்தோடு விரிசல் ஏன் வந்தது என்று கேளுங்கள். பாடியின் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம், யாரோ பட்டையில் ஓட்டை போட்டிருக்கலாம், ஆர்.சி.யில் இருப்பதைவிட டன் கணக்கில் கூட ஏற்றியிருக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்துக்கு எங்களிடம் ராடு இல்லை.

வெல்டிங் வைக்கும்போது சேசிஸ் கோணாம எப்படிப் பார்த்துக்கிறது?

வெட்டுவதற்கு முன்பே சேசிஸை மட்டமான தரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, குறிப்பிட்ட ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை 3 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். முதலில் எல்லா இடத்திலும் டேக், பிறகு அளவு, பிறகு கொஞ்சம் இடது சேனல், கொஞ்சம் வலது சேனல். ஒரே பக்கம் அடித்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் வண்டி நண்டு நடை போடும், டயர் தேயும், பழி அலைன்மென்ட் கடைக்காரர் மேல் விழும்.

தண்ணி ஊத்திச் சீக்கிரம் ஆறவைக்கலாமா?

கூடாது. இரும்பு விறைத்து வெடிக்கும். டீ குடித்துவிட்டு வாங்க.

பேட்டரியைக் கழட்டணுமா?

கட்டாயம். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகான வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டர், ஏ.பி.எஸ்., சைலன்சர் சென்சார் என்று எங்கும் எலெக்ட்ரானிக்ஸ். அவற்றின் கனெக்டர்களையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற துண்டிலேயே, ஒரு முழத்துக்குள், சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். பின் சக்கரத்தில் கிளாம்பை மாட்டி முன்னால் வெல்டிங் வைத்தால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைப் பொரித்துவிடும்.

கமான் பட்டையைத் தீப்பிடிக்காத தடித்த துணியால் மூடுங்கள். அதில் ஒரு சொட்டு உருகிய இரும்போ ஒரு வில் தீற்றலோ பட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி விறைத்து, ஓடும்போது அங்கேயே ஒடியும். நைலான் ஏர் குழாய்களை அகற்றுங்கள். ஏர் டேங்கிலும், டயர் மாட்டிய டிஸ்க்கிலும் வெல்டிங் வைக்கவே கூடாது. டிஸ்க் சூடானால் டயருக்குள் ரப்பர் ஆவியாகி வெடிக்கும், காற்றை இறக்கியிருந்தாலும் ஆபத்துதான்.

டீசல் டேங்கர் சேசிஸ், டேங்க் காலிதான். அப்படியே வேலை பார்க்கலாமா?

காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். எரிபொருள் ஏற்றிய டேங்கில் நெருப்பு வேலை என்றால் ஆவி நீக்கிச் சோதித்த சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் மணலியிலிருந்து வரும் டேங்கர் எதையும் எங்கள் கேட்டுக்குள் விடுவதில்லை. அறிமுகம், அவசரம் எதுவும் இதில் செல்லாது.

மீன் வண்டி சேசிஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுது?

காசிமேட்டிலிருந்து ஏற்றும் மீன் பெட்டியின் ஐஸ் உப்புத் தண்ணீராகக் கரைந்து வழி முழுக்கச் சேசிஸ் மேல் சொட்டுகிறது. பிளேட்டும் சேனலும் ஒட்டியிருக்கிற இடுக்கில் அது தங்கித் துருவாகி, துரு உப்பி, பிளேட்டையே விலக்கித் தள்ளும். புதிதாகக் கட்டும்போதே தண்ணீர் வெளியே போகக் குழாய் வையுங்கள். பிளேட் மாட்டும் இரண்டு முகத்துக்கும் துத்தநாக பிரைமர் அடித்த பிறகு இறுக்குங்கள். இடுக்கு ஓரத்தை சீலன்ட் போட்டு அடையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் பீய்ச்சினால் ஆயுள் கூடும். தண்ணி லாரியிலும் இதே கதைதான், உப்பு மட்டும் குறைவு.

சரியா பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

வேலை தொடங்கும் முன்பே அதே பிளேட், அதே ராடு, அதே ஆம்பியரில் ஒரு துண்டை வெல்டிங் வைத்து, வைஸில் மாட்டிச் சுத்தியால் மடக்கிப் பாருங்கள். வெல்டிங்கின் அடிப்பக்கம் வெளியே வரும்படி மடக்கவேண்டும். அங்கே வாய் திறந்தால் அடிவரை பிடிக்கவில்லை. வேலை முடிந்தபின் டை டெஸ்ட்: துடைத்து, சிவப்பு அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தால் விரிசலில் சிவப்புக் கோடு எழும். அன்றே ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை. மேல்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே இது காட்டும். உள்ளே பார்க்க அல்ட்ராசோனிக் ஆளைக் கூப்பிட வேண்டும், பாரம் தூக்கும் வண்டிக்குக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

சேசிஸை நீட்டிக் கொடுத்தா எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி எதையும் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பழுதுபார்ப்பது வேறு, வீல்பேஸை (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை) நீட்டுவது வேறு. நீட்டுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி வாருங்கள். சேசிஸ் எண் அடித்திருக்கிற இடத்தில் வெட்டவோ சீவவோ சொல்லிக் கேட்காதீர்கள்.

எந்த சேசிஸை வேணாம்னு திருப்பி அனுப்புவீங்க?

சுத்தியால் தட்டினால் தகடு தகடாக உரிகிற சேசிஸ். ஒரே அடி நீளத்துக்குள் ஏற்கெனவே இரண்டு பழைய ஜாயிண்ட் உள்ளது. விபத்தில் முறுக்கிக்கொண்டு, சூடேற்றி நிமிர்த்திய கருப்பு நீலத் தழும்பு பட்டையில் தெரிவது. இந்த மூன்றுக்கும் பதில் வேறு சேசிஸ் தேடுவதுதான். பழையதை எடைக்குப் போடும்போது எண் இருக்கும் துண்டை என்ன செய்வது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.